கலைச்சொல் வேண்டல்: ‘எம்பாடிமென்ட்’ – ரெட்மெய்னின் ஹாக்கிங்கை முன்வைத்து

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் கல்லூரியின் திரைப்பட ரசனைத் தாளுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘தி தியரி ஆஃப் எவ்ரிதிங்’ (2014) படத்தில் இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங்காக நடித்த எடி ரெட்மெய்னைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். மாணவர்கள் அனைவரும் அவருடைய ரசிகர்களாகவே மாறிவிட்டனர். ஆனால் கட்டுரைகள் எல்லாம் ‘அப்படியே ஹாக்கிங்கைப் பார்த்ததுபோல் இருந்தது’ என்பதோடு நின்றுவிடுகின்றன. சிலர் ‘மிமிக்ரி’ என்கிறார்கள். ஒருவர் ‘ஆள்மாறாட்டம்’ என்றே எழுதிவிட்டார். அது வாக்குச்சாவடியில் நடக்கும் குற்றம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

அவர்களைக் கவர்ந்தது முகச்சாயல் மட்டும் அன்று. ஹாக்கிங்குக்கு இருந்தது, தசைகள் படிப்படியாகத் தளரும் இயக்க நரம்பணு நோய். ரெட்மெய்ன் அந்நோயுற்றவர்களை மருத்துவமனையில் சென்று சந்தித்தார். நடனக் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து உடலைப் பழக்கினார். எந்தக் கட்டத்தில் எந்தத் தசை தளர்கிறது என்று வரிசைப்படுத்தி எழுதிவைத்துக்கொண்டார். படம் காலவரிசைப்படி எடுக்கப்படாததால், கைத்தடியோடு நடக்கும் உடலையும் சக்கர நாற்காலியில் மடங்கிக் கிடக்கும் உடலையும் மாற்றி மாற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நடிப்புத் துறையில் ‘எம்பாடிமென்ட்’ எனப்படும் இதற்கு, இளங்கலை மாணவருக்குப் புரியும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

– கு.மா., திருச்சி

* * *

அம்மா, வணக்கம். ‘கூடுபாய்தல்’ இருக்க வேறு சொல் எதற்கு? கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கும். கதையும் எல்லோரும் அறிந்ததே.

– செ.ப., கோவை

* * *

தம்பி செ.ப. அவர்களுக்கு,

கதை எல்லோரும் அறிந்தது என்பதே இங்கே இடையூறு. மாடு மேய்த்த மூலனின் உடலுக்குள் புகுந்த திருமூலர், திரும்பி வந்து பார்த்தபோது தம் பழைய உடலைக் காணவில்லை. வந்த உடலிலேயே தங்கிவிட்டார். ரெட்மெய்னோ ஒவ்வொரு நாள் படப்பிடிப்பு முடிந்ததும் தம் உடலோடு எழுந்து வீட்டுக்குப் போனவர். 1963இல், 21ஆம் வயதில் நோய் கண்டறியப்பட்ட ஹாக்கிங்குக்குத்தான் 2018இல் மறையும்வரை அந்தக் கூட்டைவிட்டு வெளியேற வழியில்லை. நடிகருக்கும் நோயாளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அழித்துவிடும் சொல்லை வகுப்பறைக்குள் விடலாகாது.

தொல்காப்பியரின் ‘மெய்ப்பாடு’ உடனே நினைவுக்கு வரும். எனினும் நகையே அழுகை என்று தொடங்கி அவர் எண்ணும் எட்டும் உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைச் சொல்வன. தசைத் தளர்ச்சி உணர்வன்று; ஆதலால் மெய்ப்பாடு இங்கே பொருந்தாது.

நமக்கு வேண்டிய சரக்கு சிலப்பதிகார உரையில் இருக்கிறது. அரங்கேற்று காதைக்கு உரை எழுதும் அடியார்க்குநல்லார் 24 வகை அவிநயங்களை, அதாவது ஒருவரின் நிலையை உடலால் நடித்துக் காட்டும் முறைகளை, காட்டுகிறார். வெகுண்டோன், நாணமுற்றோன் முதலியவர்களோடு கண்ணோவுற்றோன், தலைநோவுற்றோன், வெப்பின்பட்டோன் (காய்ச்சல் கண்டவன்), நஞ்சுண்டோன் ஆகியோரின் அவிநயங்களும் அவ்வரிசையில் உண்டு. நோயுற்ற உடலை நடித்துக் காட்டுவது கூத்தனுக்குத் தனிப் பயிற்சி என்று நம்மவர் கருதியிருக்கிறார்கள் அல்லவா? ‘அவிநயம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

– ந.இரா., மதுரை

* * *

ஐயா, உரை மேற்கோளைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் ‘அவிநயம்’ என்று எழுதினால் அச்சகத்தார் அதை ‘அபிநயம்’ என்று திருத்துவார்கள், மாணவர்கள் பரதநாட்டிய முத்திரையை நினைப்பார்கள். படங்களுக்கு வசனவரி (சப்டைட்டில்) எழுதிப் பிழைக்கும் எனக்கு, இரண்டு நொடிக்குள் வாசித்து முடியாத சொல் சொல்லே அன்று.

‘மிமிக்ரி’ ஏன் தவறு என்பதற்கு அம்மையார் இதையும் குறிப்பில் சேர்க்கலாம். ஹாக்கிங் 1985இல் பேச்சை இழந்தார். படத்தின் பிற்பகுதியில் ஒலிப்பது, படத்தைப் பார்த்த பின் அவரே பயன்படுத்த இசைவளித்த அவருடைய கணினிக் குரல். குரலும் அவருடையது, கைகால்களுக்கும் அசைவில்லை என்றால் நடிகருக்கு எஞ்சியவை கண்ணும் புருவமும் கன்னத்தின் ஒரு தசையும்தான். அரங்கில் ஒரு மாணவியின் பேனா கீழே விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் கிடக்கும் தலை மெல்ல நிமிர்கிறது. முறுக்கிய விரல்கள் விரிகின்றன. எழுந்து படியிறங்கிப் போய்ப் பேனாவை எடுத்துக் கொடுக்கிறார். அது ஹாக்கிங்கின் கற்பனை மட்டுமே என்று அடுத்த கணம் தெரிகிறது. அதுவரை ஏற்றிருந்த உடலை அந்த ஒரு காட்சியில் கழற்றிவைத்து மறுபடியும் அணிந்துகொள்கிறார் அவர். 2015இல் ஆஸ்கர் கிடைத்தது இந்தக் கட்டுப்பாட்டுக்காகவே என்று நான் நினைக்கிறேன். ‘உடலேற்பு’ என்று வைப்போம். பாத்திரமேற்றல் என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதையொட்டி இதுவும் புரிந்துவிடும்.

– த.வே., சென்னை

* * *

‘உடலேற்பு’ நன்று; ‘மெய்யேற்பு’ அதனினும் நன்று. மெய் என்பது உடம்புமாம், உண்மையுமாம். உயிர் வந்து ஏறும் எழுத்துமாம். வாழ்ந்த ஒருவரைத் திரையில் காட்டும்போது இம்மூன்றும் பொருந்துகின்றன. இதே அடிப்படையில் ‘பாவனை’யையும் நாம் மீட்கலாம். அதை வடசொல் என்று தள்ளுவோர் ‘பாவை’யை மறந்துவிடுகிறார்கள். பாவு, பாவை, பாவித்தல், பாவனை என்று வரிசை தெளிவாக இருக்கிறது. இதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

– அ.சே., சேலம்

* * *

அ.சே. அவர்களுக்கு: வரிசை தெளிவாக இருப்பது மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ‘பாவனா’ வடமொழியில் வேரோடு நிற்கிறது. தனி மடலைத் தனி இழையில் இடுங்கள்.

– ந.இரா.

* * *

வணக்கம். எங்கள் பக்கத்தில் ‘ஏற்பு’ என்றதும் ஏற்புவலிதான் நினைவுக்கு வரும். ஆணி குத்தினால் ‘ஏற்பூசி போட்டாச்சா’ என்றுதான் முதலில் கேட்போம். தசை இறுகி உடல் வில்லாய் வளைகிற நோயின் பெயரை, தசை தளர்கிற நோயை நடித்தவருக்கு வைத்தால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? ‘உடல்கொள்ளல்’ என்று சொல்லலாமே.

மற்றுமொரு ஐயம். 1993இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் ஹாக்கிங் ஹாக்கிங்காகவே தோன்றி, நியூட்டனோடும் ஐன்ஸ்டைனோடும் சீட்டாடினார். 2004இல் பிபிசி படத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் இளம் ஹாக்கிங்காக நடித்தார். தம்மையே நடித்தவர், நோயின் தொடக்கத்தை நடித்தவர், அதன் முழுப் போக்கையும் நடித்தவர் என்று மூவருக்கும் ஒரே சொல் போதுமா?

– சி.ந., யாழ்ப்பாணம்

* * *

அனைவர்க்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘உடலேற்பு’ பக்கம் சற்றுக் கூடுதலான ஆதரவு இருக்கிறது. அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். சி.ந. அவர்களின் மறுப்பு வலுவானது, ஆனால் எங்கள் மாணவர்கள் ஏற்புவலியை அறியார். ‘டெட்டனஸ்’ என்றே பழகியவர்கள். தம்மையே நடிப்பது உடலேற்பு ஆகாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 24 அவிநயங்கள் பெட்டிச்செய்தியாக வருகின்றன.

– கு.மா.

* * *

பெட்டிச்செய்திக்கு நன்றி அம்மா. இருந்தாலும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பெயர்ச்சொல்லை மட்டும் முடிவு செய்தீர்கள்; வினையை யாரும் எண்ணவில்லை. ‘ரெட்மெய்ன் ஹாக்கிங்கை உடலேற்றார்’ என்று எழுத வேண்டிய மாணவன் ‘உடலேற்றினார்’ என்று எழுதுவான், அது அமரர் ஊர்தியில் போய் முடியும். ‘அவிநயித்தார்’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த பதிப்பிலேனும் மாற்றுங்கள்.

– ந.இரா.