சதாபிஷேக மண்டபம் என்ன ஆயிற்று?

காவேரிக் குடும்பம் (டெக்சாஸ்)
2024 அக்டோபர் 15, செவ்வாய்

வித்யா: நவம்பர் 9 மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டப் போனேன். நகராட்சியில் கணினிகளை எல்லாம் அணைத்து வைத்திருக்கிறார்கள். முகப்பில் இருக்கும் பெண்மணி மஞ்சள் நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மீனா அத்தை: ஐயோ. முன்பணம்?

வித்யா: பதிவைப் பார்க்க வழியில்லையாம். ரசீது கேட்கிறார்கள்.

மீனா அத்தை: ரசீது ராமுவிடம்.

ராமு சித்தப்பா: தேடுகிறேன்.

மீனா அத்தை: வளைகாப்பு ரசீதையும் இப்படித்தான் தேடினாய்.

கமலா சித்தி: அக்கா, அது இப்போது எதற்கு?

கார்த்திக்: யாரோ உள்ளே புகுந்துவிட்டார்களாம். எல்லார் கார்டு எண்ணும் போய்விட்டதாம்.

சேகர் பெரியப்பா: கார்த்திக், தெரியாததைப் பரப்பாதே. கவுண்டி கணினிப் பிரிவில் 22 ஆண்டு இருந்தவன் சொல்கிறேன். இப்படிப் புகுகிறவர்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2018-இல் அட்லாண்டா. 2019 மே மாதம் பால்டிமோர். அங்கே வீடு விற்பனையே சில நாள் நின்றுபோனது. கேட்டது சுமார் 76,000 டாலர். நகரம் கொடுக்கவில்லை. ஆனால் மொத்த இழப்பை 1.8 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் டெக்சாஸில் 22 ஊர்கள் ஒரே நாளில் மாட்டின.

கமலா சித்தி: சமையல்காரர் 150 பேரா 200 பேரா என்று கேட்கிறார்.

மீனா அத்தை: 200. சம்பந்தி வீட்டாரை விட்டுவிட்டாயா?

சேகர் பெரியப்பா: இதைத் தடுக்கத்தான் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மாநிலத்துக்கு வருவதில் 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போயாக வேண்டும். 25 சதவீதம் நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கு. ஊர் நேரே ஃபீமாவிடம் (மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) கேட்க முடியாது; மாநிலம் வழியாகத்தான் வரும். மிரட்டுகிறவனுக்குக் கொடுக்க இதில் ஒரு காசு எடுக்கக் கூடாது. கோப்புகளுக்கு நகல் வைக்க, உள்நுழையும்போது இரண்டு வழிகளில் சரிபார்க்க, ஊழியர்களுக்குப் பயிற்சி தர, இவற்றுக்குத்தான். ஒழுங்காக ஒரு நகல் இருந்திருந்தால் வித்யா இன்று ரசீது தேடி அலைய வேண்டியதில்லை.

கார்த்திக்: நம் ஊர் கேட்டதா பெரியப்பா?

சேகர் பெரியப்பா: போன வருடம் கூட்டத்தில் நானே கேட்டேன். விண்ணப்பம் எழுத ஆளில்லை என்றார்கள். உண்மைதான். கணினிக்கென்று இருப்பவர் ஒரே ஒருவர். தண்ணீர் மீட்டர் கணக்கும் அவர் தலையில். ஆனால் அந்த நிதியோடு நாம் போட வேண்டிய பங்கு முதல் ஆண்டு 10 சதவீதமாக இருந்தது. இந்த ஆண்டு 30. அடுத்த ஆண்டு 40. தள்ளிப்போட்டால் ஏறிக்கொண்டேதான் போகும். வியாழன் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். யார் வருகிறீர்கள்?

கார்த்திக்: 👍

சேகர் பெரியப்பா: கட்டைவிரல் வேண்டாம், ஆள் வேண்டும். நாற்காலிகள் காலியாக இருந்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மீனா அத்தை: கோயில் மண்டபத்தைக் கேட்டுப் பார்க்கலாமா?

ராமு சித்தப்பா: அங்கே வண்டி நிறுத்த இடம் போதாது.

தாத்தா: எனக்கு வீட்டுக் கொல்லைப்புறம் போதும்.

கமலா சித்தி: 200 பேர் மாமா.

வித்யா: பெரியப்பா, வியாழன் நான் வருகிறேன். அந்தப் பெண்மணி ரொம்பச் சோர்ந்து போயிருந்தார். என் முன்னாலேயே மூன்று பேர் அவரிடம் கத்தினார்கள். அவர் என்ன செய்வார்? குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீனா அத்தை: என்னிடம் விட்டுப் போ.

சேகர் பெரியப்பா: நல்லது அம்மா. 6:30-க்கு வீட்டுக்கு வருகிறேன். அந்த மஞ்சள் நோட்டைப் பற்றி நீயே சொல். நான் சொல்வதைவிட அது எடுபடும்.

கார்த்திக்: வேலை சீக்கிரம் முடிந்தால் நானும்.

மீனா அத்தை: ராமு, ரசீது?

ராமு சித்தப்பா: பழைய காரில் இருக்கலாம். நாளை பார்க்கிறேன்.