போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளோடு ஆபத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள், நான் எதை எடுத்துப் போவது?

பனியாறு_அளப்பவன்:

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கேள்வி அப்புறம்.

பனியாறு வருடத்துக்கு எவ்வளவு உருகுகிறது என்று கம்பு நட்டு அளப்பது என் வேலை. போன கோடையில் அதற்காக, வடதுருவத்துப் பக்கம் இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் நி-ஓலெசுண்ட் என்ற குட்டி ஊரில் ஐந்து வாரம் இருந்தேன். 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் ஊர் அது. அங்கே கதவைப் பூட்டுவதில்லை. வெள்ளைக்கரடி ஊருக்குள் வந்துவிட்டால் பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அதற்குள் ஓடிவிட வேண்டியதுதான். ஊர் எல்லையைத் தாண்டினால் ஓட வீடு கிடையாது, அதனால் குழுவில் ஒருவர் தோளிலாவது ரைஃபிள் தொங்கும். எங்கள் மூன்று பேரில் அந்த ஒருவர் நான். பயிற்சி நாளில் மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் நன்றாகச் சுட்டுவிட்டேன், அவ்வளவுதான் தகுதி.

எனக்கு வாய்த்தது ஒரு கிழட்டு மவுசர். 1945-ல் நார்வேயில் சரணடைந்த ஜெர்மானியப் படை விட்டுப்போன கார்98கே ரைஃபிள்களை நார்வேக்காரர்கள் குழல் மாற்றி, .30-06 தோட்டா போடும்படி செய்து, பல வருடம் பயன்படுத்தினார்கள். அந்த வகை. மேகசினில் (தோட்டா அடுக்கும் அறை) நாலு தோட்டா, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடம்) காலி, இப்படித்தான் தூக்கிப் போக வேண்டும். மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டை, அதன் தலைமேல் வழுக்கிக் கொண்டுபோய் மூட வேண்டும். விறைத்த விரலோடு இதைச் செய்து இரண்டு முறை தோல் பெயர்ந்தது. தேவைப்படும் நேரத்தில் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா உள்ளே போய்விடும். போக வேண்டும்.

வெஸ்ட்ரே ப்ரோக்கர்பிரீன் பனியாற்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கற்குவியலுக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீட்டர் இருக்கும், ஒரு மஞ்சள் பாறை நகர்ந்தது. வெள்ளைக்கரடி என்று பெயர்தான், கோடையில் அது துவைக்காத வேட்டி நிறம். நின்று, கழுத்தை நீட்டி, எங்கள் பக்கம் மூக்கைத் தூக்கியது. கூட வந்தவர் சிக்னல் பிஸ்டலை எடுத்தார். நான் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கி, சத்தம் கேட்டு அது இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று மெதுவாக, மிக மெதுவாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். அப்புறம் இருபது நிமிடம் மூவரும் ஒட்டி நின்று பின்னோக்கியே நடந்தோம். அது எங்களை மதிக்கவே இல்லை, கடற்கரைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

ஊர் எல்லையில் தோட்டாவை இறக்குவதற்காகப் போல்ட்டைத் திறந்தேன். ஒன்றும் வந்து விழவில்லை. மேகசினை எண்ணினேன், நாலும் அப்படியே இருந்தன. மெதுவாக இழுக்கிறேன் என்று பாதி இழுத்திருக்கிறேன், போல்ட் முகம் தோட்டாவின் பின்பக்கத்தைத் தாண்டவே இல்லை, வெறும் சேம்பரை மூடிவிட்டு வந்திருக்கிறது. இருபது நிமிடம் இரண்டு பேருக்குக் காலித் துப்பாக்கியோடு காவல் நின்றிருக்கிறேன். அவர்களிடம் இன்று வரை சொல்லவில்லை.

அடுத்த கோடையில் மறுபடி போகிறேன். இந்த முறை அதே மவுசர், .308 தோட்டா போடும் புது டிக்கா, ஒரு ரூகர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் போல்ட் துப்பாக்கி கையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். எது கைகொடுத்தது, எது காலை வாரியது?

ஓய்வு_ஏட்டு:

தம்பி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு வெள்ளைக்கரடி, எனக்குக் கருங்கரடி.

போலீஸ் ஆயுதப்படையில் இருந்தேன், சர்வீஸில் பெரும்பகுதி த்ரீ நாட் த்ரீயோடுதான், அதாவது .303 தோட்டா போடும் லீ என்ஃபீல்ட் ரைஃபிள். தொண்ணூறுகளில் மலையடிவாரத்தில் ஒரு முகாம். இரவு இரண்டு மணிக்கு மேல் பாரா (காவல்) எனக்கு. சமையல் கொட்டகையில் யாரோ பலாப்பழத்தை வெட்டிப் பாதியை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். வாசனைக்குக் கரடி வந்துவிட்டது. எனக்கும் அதற்கும் இடையில் ஒரு தண்ணீர் டிரம், அவ்வளவு தூரம்தான். போல்ட்டை அடித்தேன். பாதியில் நின்றது.

காரணம் நான்தான். த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில் வெளியே துருத்திய விளிம்பு ஒன்று உண்டு. மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் மேலே இருப்பது போகும்போது கீழே இருப்பதையும் பிடித்து இழுக்கும், ரைஃபிள் அடைத்துக்கொள்ளும். கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) இல்லை என்று நான் அன்று மாலை இருட்டில் ஒவ்வொன்றாகத் திணித்திருந்தேன். போல்ட்டை மூன்று முறை குத்தினேன், அசையவில்லை. நல்லவேளை, அந்த இரும்புச் சத்தமே கரடிக்குப் போதுமாக இருந்தது, பலாவைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

காலையில் பெல் ஆஃப் ஆர்ம்ஸில் (ஆயுத அறை) இருந்த பெரியவர் திட்டவில்லை. என் கண்ணைத் துண்டால் கட்டி, பத்து டம்மி தோட்டாவைக் கையில் கொடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துப் போடச் சொன்னார். மதியச் சாப்பாடு வரை அதுதான் வேலை.

துப்பாக்கி என்று பார்த்தால் லீ என்ஃபீல்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்துத் தோட்டா. போல்ட்டை 60 டிகிரி தூக்கினால் போதும், மவுசருக்கு 90. போல்ட் குமிழ் ட்ரிகருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குமிழைப் பிடித்தபடியே நடுவிரலால் ட்ரிகரை இழுக்கிறவர்கள் உண்டு. 1914-க்கு முன்பே பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரு நிமிடத்தில் 15 குண்டு, 300 கஜத்தில் இருக்கும் இலக்கில், என்பது பயிற்சிக் கணக்கு.

ஆனால் சண்டைக்கு என்று யாராவது கேட்டால், வேண்டாம். 1962-ல் சீனப் போரில் நம் ராணுவம் இதோடுதான் மலையேறியது, போர் முடிந்ததும், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்எல்ஆருக்கு மாறிவிட்டது. காவல்துறைக்கு மட்டும் இது ஓயவில்லை. 2008 நவம்பரில் மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகளின் ஏகே துப்பாக்கி எதிரில் நின்ற போலீஸ்காரர்கள் கையில் இதே த்ரீ நாட் த்ரீ. அதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் இதற்கு விடை கொடுத்தது.

முன்னாள்_கேடட்:

நான் சுட்டதெல்லாம் என்சிசியில் பாயிண்ட் டூ டூ (.22, சின்னத் தோட்டா) ரைஃபிள் மட்டும், 25 கஜம், ஐந்து குண்டு. எந்த ஆபத்திலும் நின்றதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. முதல் நாள் ஃபயரிங்கில் நாலாவது குண்டுக்கு ட்ரிகரை இழுத்தேன், ரைஃபிள் டிக் என்று மட்டும் அடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நானும் அண்ணன் மாதிரியே பாதி இழுத்திருக்கிறேன்! பக்கத்து லேனில் சுட்ட சத்தத்தை என் சத்தம் என்று நினைத்து ஐந்தும் முடிந்தது என்று கை தூக்கிவிட்டேன். உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) வந்து பார்த்துவிட்டு, நெருப்பில் கை பட்டால் எப்படி இழுப்பாயோ அப்படிப் போல்ட்டை இழு என்றார். அப்புறம் ஒரு வாரம் காலி ரைஃபிளில், குழல் முனையில் எட்டணா வைத்து, அது விழாமல் ட்ரிகர் இழுக்க வைத்தார். கேம்ப் முடியும்போது எட்டணாவை எனக்கே கொடுத்துவிட்டார். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒன்ராறியோ_வடக்கு:

நான் கனடாவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள். துவக்கு என்றாலே எங்கட வீட்டில் அம்மா எழும்பிப் போய்விடுவா, அதனால் நான் வேட்டைக்குப் போகிற கதை அவவுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

முதல் தரம் மூஸ் மான் வேட்டைக்கு வடக்கே போன நேரம் என் கையில் பழைய லீ என்ஃபீல்ட் நம்பர் 4. ஏட்டு ஐயா சொன்ன அதே சாதி. நல்லாய் இருக்கட்டும் என்று முதல் நாள் இரவு போல்ட்டுக்குள் எண்ணெயை ஊற்றி வைத்தேன், அது காணாது என்று சூடான கேபினுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தேன். இரண்டும் பிழை. விடிய வெளியே மைனஸ் 20. உள்ளே வைத்த துவக்கில் ஈரம் பிடித்து, வெளியே வந்ததும் அது உறைந்துவிட்டது. எண்ணெய் தேன் மாதிரி இறுகிவிட்டது. எண்பது மீட்டரில் மூஸ் நிற்கிறது, ட்ரிகரை இழுத்தேன், உள்ளே தோட்டாவை அடிக்கிற ஊசி மெதுவாய்ப் போய்த் தோட்டாவைத் தொட்டது, அவ்வளவுதான். வெடிக்கவில்லை. மூஸ் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனது. மூஸ் என்றபடியால் நான் இருந்து கதைக்கிறேன், தம்பிக்கு முன்னால் நின்றது என்றால் கதை வேறை. இப்ப குளிர்காலத்துக்கு முன் போல்ட்டைக் கழற்றி, கார் பிரேக் கழுவுகிற ஸ்பிரே அடித்து, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் காயவைத்துத்தான் கொண்டுபோகிறது. இரவில் துவக்கு வெளியே குளிரிலேயே கிடக்கும்.

இங்கே வடக்கில் ரோந்து போகிற கனேடியன் ரேஞ்சர்ஸ் 1947-இல் இருந்து எழுபது வருஷம் லீ என்ஃபீல்டோடுதான் திரிந்தார்கள். 2018 அளவில் சி-19 கொடுக்கத் தொடங்கினார்கள். ஃபின்லாந்து டிக்காவின் வடிவம், இங்கே செய்தது, சிவப்புக் கட்டை, .308, பத்துத் தோட்டா. போல்ட் குமிழ் பெரிசு, ட்ரிகர் வளையத்துக்குள் தடித்த கையுறையோடு விரல் போகும். கிரீன்லாந்தில் நாய்வண்டியில் போகிற டென்மார்க்கின் சிரியஸ் படை 1917 மாடல் என்ஃபீல்டை வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான்: குளிரிலும் அது இறுகாமல் வேலை செய்யும்.

ஆனால் அழகைப் பார்த்து எடுக்கவேண்டாம். கனடாக்காரர் முதலாம் உலகப் போருக்கு ராஸ் என்று ஒரு ரைஃபிள் கொண்டுபோனவை. போல்ட்டைத் திருப்பவே தேவையில்லை, நேராய் இழுத்து நேராய்த் தள்ளலாம், இலக்குச் சூட்டில் அதை அடிக்க ஆள் இல்லை. 1915-இல் பெல்ஜியத்து ஈப்ர போர்க்களச் சேற்றுக்குள் போனதும் இறுகிவிட்டது. பூட்ஸ் காலால் உதைத்துத்தான் போல்ட்டைத் திறந்திருக்கிறார்கள். செத்துக் கிடந்த பிரிட்டிஷ்காரரின் லீ என்ஃபீல்டைப் பொறுக்கி எடுத்தார்கள். 1916-இல் அரசாங்கமே மாற்றிவிட்டது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிற ஆட்கள் மட்டும் ராஸை விடவில்லை, அவர்களுக்கு அவசரம் இல்லைத்தானே.

டிக்காவின் போல்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கும் தம்பி, ஆனால் பாதி இழுத்தால் அதுவும் தோட்டாவை எடுக்காது. எந்தத் துவக்கும் எடுக்காது.

பனியாறு_அளப்பவன்:

எல்லோருக்கும் நன்றி. டிக்காதான் என்று முடிவு செய்யப் போனேன், இன்னும் முழுதாக முடியவில்லை.

என்னை உறுத்துவது மவுசரின் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு. 2011 ஆகஸ்டில் இதே ஸ்வால்பார்டில், பிரிட்டனிலிருந்து வந்த இளைஞர் குழுவின் கூடாரத்துக்குள் கரடி புகுந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான், நாலு பேருக்குக் காயம். குழுத் தலைவர் கையில் இருந்தது பழைய மவுசர், நாலு தடவை முயன்றும் வெடிக்கவில்லை, அப்புறம்தான் கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். மவுசரின் பின்னால் இருக்கும் சேஃப்டி இறக்கைக்கு மூன்று நிலை: இடப்பக்கம் சாய்ந்திருந்தால் சுடும், வலப்பக்கம் என்றால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், நட்டக்குத்தாக நின்றால் போல்ட் நன்றாக ஓடும் ஆனால் சுடாது. அந்த நடுநிலையில் பதற்றத்தோடு போல்ட்டை அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல தோட்டா ஒவ்வொன்றாக வெளியே போய் விழும். நான் பதற்றத்தில் எப்படி இருப்பேன் என்று எனக்கு இப்போது தெரியுமே.

மறுபுறம், டிக்காவின் மேகசின் கழற்றக்கூடியது. பனிச்சரிவில் அது கழன்று விழுந்தால்?

ஓய்வு_ஏட்டு:

மவுசரில் ஒரு நல்லது இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. மேகசினிலிருந்து எழும்பும்போதே தோட்டாவின் பின்பக்கத்தைப் போல்ட்டின் நகம் கவ்விக்கொள்ளும். அதனால் போல்ட்டை அடித்து மூடிய பின், குமிழைத் தூக்கி அரை அங்குலம் மட்டும் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். பித்தளை தெரிந்தால் மூடிவிடு. தெரியாவிட்டால் முழுதாக இழுத்து மறுபடி அடி. ஒரு நொடி வேலை. இருபது நிமிடத்தில் அந்த ஒரு நொடி உங்களுக்கு இருந்தது.

பனியாறு_அளப்பவன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மவுசரையே கேட்டிருக்கிறேன். அதன் கெட்ட குணம் எல்லாம் எனக்குத் தெரியும், டிக்காவின் கெட்ட குணத்தை இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே சென்னையில் ஒரு கிளப்பில் பழைய பாயிண்ட் டூ டூ போல்ட் ரைஃபிளில் வாரம் இரண்டு நாள் பழகுகிறேன். ஒரு ரூபாய் நாணயம்தான் கிடைத்தது, பத்துக்கு ஏழு முறை விழுகிறது. போல்ட்டைப் பின்சுவரில் மோதுகிற மாதிரி இழுக்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மூடியதும் அரை அங்குலம் இழுத்துப் பார்ப்பது இப்போது கை தானாகச் செய்கிறது.

ஓய்வு_ஏட்டு:

கையுறை போட்டுக்கொண்டா?

பனியாறு_அளப்பவன்:

இல்லை ஐயா, மே மாதம், கிளப்பில் ஏசி கிடையாது. சரி, சனிக்கிழமை போட்டுப் பார்க்கிறேன்.