உயிரியல் பூங்காவில் ஒரு நாள் காப்பாளராக இருந்து பார்க்க முடியுமா?

கேள்வி: தக்கலை அப்பா

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருக்கும் என் மகள், கால்நடை மருத்துவம் படித்துவிட்டு உயிரியல் பூங்காவில்தான் வேலை பார்ப்பேன் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லி வருகிறாள். வெளிநாடுகளில் பணம் கட்டினால் ஒரு நாள் முழுவதும் காப்பாளருடன் சுற்றலாம், ஒட்டகச்சிவிங்கிக்குக் கையாலேயே இலை ஊட்டலாம் என்று காணொளிகளில் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்தில் அப்படி ஏற்பாடு செய்து தர முடியுமா என்று கேட்கிறாள். என் பாட்டி ‘காட்சி பங்களா’ என்று சொல்லும் அந்தப் பூங்காவுக்கு நாங்கள் பலமுறை போயிருக்கிறோம். ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. அந்தப் பக்கம் காலை முதல் மாலை வரை உண்மையில் என்னதான் நடக்கிறது? வெளியாரை உள்ளே விடுவார்களா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: குலசேகரம் பெரியவர்

தம்பி, வேறொரு மாநிலத்துப் பூங்காவில் இருபத்தாறு ஆண்டுகள் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒட்டகச்சிவிங்கி ஆசையை மறந்துவிடச் சொல்லுங்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, பூங்கா விலங்குகளைப் பார்வையாளர்கள் சீண்டுவதையும் அவற்றுக்கு உணவு கொடுப்பதையும் தடை செய்கிறது. ஒரு நாள் உதவிக்கு வருபவரையும் நாங்கள் விலங்கின் அருகில் விட்டதில்லை.

காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். வெளியில் நின்றபடியே தலை எண்ணுவோம். முந்தைய நாள் வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம், சாணம் இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, எழுந்து வரும்போது எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்பதையெல்லாம் பார்ப்போம். வீட்டில் மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் மாடு வலியை ஓரளவாவது காட்டிவிடும், காட்டு விலங்கு கடைசிவரை மறைக்கும். படுத்துவிட்ட பிறகு மருத்துவரை அழைத்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் அன்றாடம் பார்க்கிற காப்பாளனின் கண்ணைத்தான் மருத்துவரே நம்பியிருப்பார்.

அடுத்தது பூட்டு. புலியை இரவுக் கூண்டிலிருந்து வெளித்திடலுக்கு அனுப்பி, நடுக்கதவை இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, புலி வெளியேதான் இருக்கிறது என்பதைக் காப்பாளர்கள் இருவர் தனித்தனியாகக் கண்ணால் கண்ட பிறகுதான் கூண்டைக் கழுவ உள்ளே நுழைவோம். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட இதை நான் சுருக்கியதில்லை. என் விலா எலும்பை முறித்ததும் புலி அன்று, கடமான்தான். கொம்பு முற்றிய பருவத்தில் ஆண்மான் எவரையும் தன் போட்டியாளனாக நினைக்கும் என்பது தெரிந்திருந்தும், “இது மான்தானே” என்று, முட்ட வந்தால் முன்னால் பிடித்துத் தடுக்கும் பாதுகாப்புப் பலகையை எடுக்காமல் உள்ளே போனேன். அந்தத் தவறு என்னுடையது.

ஊர்வனப் பகுதி எந்த விருந்தினருக்கும் உரியதன்று. 2021-இல் திருவனந்தபுரம் பூங்காவிலேயே இராஜநாகத்தின் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமுள்ள பணியாளர் ஒருவர் கடிபட்டு இறந்தார். நம் மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. இராஜநாகம் அந்த நான்கில் சேராது.

மற்றபடி, கூட்டுவது, கழுவுவது, சுமப்பது, எழுதுவது. மாலையில் தீனியை உள்ளே வைத்து விலங்கை மீண்டும் கூண்டுக்குள் அழைத்தால் நாள் முடிந்தது.

பதில்: கால்நடை மருத்துவ மாணவி, மார்த்தாண்டம்

அண்ணாச்சி சொன்னது அனைத்தும் உண்மை. பயிற்சிக்காக ஒரு பூங்காவில் சில நாட்கள் இருந்தேன். அதில் பெரும்பகுதி தீனிக்கூடத்தில்தான் கழிந்தது. யார் யாருக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதியிருப்பார்கள். பழம், கீரை, கிழங்கு அனைத்தையும் எடை போட்டுத்தான் அனுப்ப வேண்டும். முதல் நாள், குரங்குகள் மிச்சம் வைத்த தட்டுகளை நல்ல பிள்ளையாக நானே கழுவி அடுக்கிவிட்டேன். மிச்சத்தை எடை போட்டிருந்தால்தானே எது சாப்பிடவில்லை என்று தெரியும் என்று காப்பாளர் கேட்டபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது.

இலைத் தீனியிலும் கவனம் வேண்டும். பலா இலை, அகத்தி என்று எது வந்தாலும் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் போடுவார்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையைத் தின்று ஆடு சாவதை நம்மூரில் கண்டவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அதிலுள்ள சயனைடு அவ்வளவு வேகமானது.

இன்னொன்று: சளியோ காய்ச்சலோ இருந்தால் தங்கை அன்று போகவே கூடாது. நம்மிடமிருந்து குரங்குகளுக்கு நோய் எளிதில் தொற்றும். வாசலில் மருந்து கலந்த நீரில் காலணியை நனைத்துவிட்டு நுழையச் சொல்வதும் இதே காரணத்தால்தான். வாசனைத் திரவியம் பூசாமல், பழைய பருத்தி உடையில் போவது நல்லது.

பதில்: தேரூர்க் கரை

எனக்கு இதில் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. ஒரே ஒரு நாள் உள்ளே போய் வருவதால் நிழற்படங்கள் மிஞ்சும், பார்வை கூர்மையாகாது. மேலே பெரியவர் சொன்ன ‘கண்’தான் வேண்டுமென்றால் அதை இங்கேயே பழகலாம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பூங்காவில் மான்கள் இருக்கின்றன. தக்கலையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரே மானை வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். சுசீந்திரம் தேரூர் நீர்நிலையும் வேம்பனூர் நீர்நிலையும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே பறவைகளை எண்ணிப் பழகினால் தலை எண்ணும் வேலை தானாகக் கைகூடும்.

பதில்: குலசேகரம் பெரியவர்

இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளாவது அந்த நாற்றத்தில் நின்று பார்க்கட்டும். நீர்யானைக் குளத்தை வடித்துவிட்டு அடியில் படிந்ததை வாரும்போது இந்த வேலை நமக்கு ஆகுமா என்பது தெரிந்துவிடும். ஐந்தரை ஆண்டுகள் படித்த பிறகு தெரிவதைவிட அது மேல்.

கேள்வி கேட்டவர்: தக்கலை அப்பா

மிக்க நன்றி. மகளை அருகில் உட்கார வைத்து அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். கடமான் பகுதி வந்தபோது அமைதியாகிவிட்டாள். பிறகு, பாதுகாப்புப் பலகை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டாள். உதயகிரிக்கு இந்த ஞாயிறே போகிறோம். பூங்காவுக்கு விண்ணப்பம் எழுதுவதென்றால் யாருக்கு எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும்?

பதில்: குலசேகரம் பெரியவர்

பூங்கா இயக்குநருக்கு எழுதுங்கள். பள்ளித் தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் மருத்துவச் சான்றையும் இணையுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ‘விலங்குகளைத் தொட ஆசை’ என்று ஒரு வரிகூட வேண்டாம்; தீனிக்கூடத்திலும் கூண்டு கழுவுமிடத்திலும் உதவத் தயார் என்று எழுதச் சொல்லுங்கள். பலகை என் மார்பளவு இருக்கும்.