புதுப்பிப்பு: ஆண்டுச் சந்தாவா, மாநாட்டுப் பதிவுகளா?

தரவுத்தளப் பயிற்சிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா, இலவசமாகக் கிடைக்கும் மாநாட்டு உரைகளின் காணொளிப் பதிவுகளே போதுமா என்று இரண்டு மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் எழுதியிருந்தேன்.

முன்னோட்டமாக ஒரு மாதச் சந்தா கட்டிய தளத்தில் அடிப்படைப் பாடங்கள் வரிசையாக, பயிற்சிகளோடு இருந்தன, அதில் குறையில்லை. ஆனால் சந்தா முடிந்த மறுநாளே, கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த பாடங்களும் திறக்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு நாள்தோறும் ரயிலில் போய்வரும் எனக்கு, வீரவநல்லூர் தாண்டி இணைப்பு அறுந்துபோகும் நேரத்தில்தான் அவை தேவைப்படும்.

பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் திறமூல மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெம் போன்றவற்றின் பதிவுகளுக்கு இந்தத் தொல்லையில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் 45 நிமிட உரை 30 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. திரையில் காட்டும் நிரல் வரிகள்தாம் கைப்பேசியில் எறும்பு ஊர்வதுபோல் தெரிகின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பழைய தரவு வரிசைகளை நீக்கியும் வட்டில் இடம் கூடாதது ஏன் என்று நாங்கள் அலுவலகத்தில் விழித்துக்கொண்டிருந்தோம். நீக்கியவற்றைத் துப்புரவாக்கும் வேக்யூம் கட்டளை அந்த இடத்தை அதே அட்டவணையின் மறுபயன்பாட்டுக்கு விடுகிறதே தவிர, பெரும்பாலும் இயங்குதளத்திடம் திருப்பித் தருவதில்லை என்பதும், அதன் முழு வடிவமான வேக்யூம் ஃபுல் திருப்பித் தந்தாலும் முடியும்வரை அட்டவணையையே பூட்டிவிடும் என்பதும் அப்படியோர் உரையில்தான் விளங்கின.

உரையின் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 2018-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்புக்கு 2023-லேயே ஆதரவு முடிந்துவிட்டது.

சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. அடிப்படைக்கு, ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் ஒரு பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.