ஒளியுணரியா, ஒளிவழி உணரியா?

வணக்கம்.

மாரடைப்பில் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற இதயத்தசைப் புரதத்தை அளக்கும் ஒளியியல் கருவிக்கு (optical biosensor) 'ஒளியுணரி' என்ற தமிழ்ப் பெயரே போதும் என்று நேற்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இருட்டியதும் தெருவிளக்கைத் தானாக எரியவிடுகிறதே, அதுதான் ஒளியுணரி, ஒளியை உணர்வது. நம்முடையது உணர்வது புரதத்தை, ஒளியால். பள்ளியில் கொட்டாவி வரவழைத்த வேற்றுமைத்தொகை இங்கே பொருளையே புரட்டிவிடுகிறது.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு (surface plasmon resonance) முறையில் இயங்கும் இப்படிப்பட்ட கருவி ஒன்று இருக்கிறது. கண்ணாடிப் பட்டகத்தின் மேல் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் படலம், அதன்மேல் ட்ரோபோனினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள். சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், அதன்மேல் ஓடும்போது ட்ரோபோனின் ஒட்டிக்கொள்ளும். பரப்பை ஒட்டிய ஒளிவிலகல் எண் மாறும். எதுவும் ஒளிராது, நிறமும் மாறாது. படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அளவைத் திரையில் காட்டும் வரைகோட்டின் பள்ளம் மயிரிழை அளவு தள்ளிப் போகும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பெரும் ஏமாற்றம்!

ஆகவே என் பரிந்துரை 'ஒளிவழி உயிரியுணரி'. 'உயிருணரி' என்று இன்னும் குறுக்கலாமே என்றால், இடிபாடுகளுக்குள் உயிரோடு இருப்பவரைத் தேடும் கருவியா என்று கேட்பார்கள். 'உயிரி' இங்கே உணரப்படும் பொருளைக் குறிக்கவில்லை, உணரும் பொருளைக் குறிக்கிறது. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டையில் நொதி இருப்பதுபோல இதில் எதிர்ப்பொருள். 'உயிரி' பழகிய முன்னொட்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, ட்ரோபோனினுக்குச் சொல்லப்படும் 'மாரடைப்புக் குறிப்பான்' என்ற பெயர். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ட்ரோபோனின் சொல்வது இதயத்தசை காயப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. இதயத்தசை அழற்சியிலும் நாட்பட்ட சிறுநீரக நோயிலும்கூட அது ஏறியிருக்கலாம். மாரடைப்பிலேயே நெஞ்சுவலி தொடங்கிய உடனே எடுத்த ரத்தத்தில் ஏறாமலும் இருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் இடைவெளி விட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். திசைகாட்டி, நிறங்காட்டி வரிசையில் 'இதயத்தசைக் காயங்காட்டி' என்றால் என்ன?

ஒரு சிக்கல் உண்டு. இதே குறிப்பான்களின் பட்டியலில் வரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கை கால் தசை அடிபட்டாலும் ரத்தத்தில் கூடும். அதற்கு வெறும் 'தசைக் காயங்காட்டி' என்று வைத்துக்கொள்ளலாமா? உடலியங்கியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.