மதியத்துக்கு மேல் நின்றுபோகும் பில்லிங்: மூடாத கனெக்‌ஷன் அனுபவங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரியின் ஜாவா பில்லிங் சாஃப்ட்வேரை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன், எழுதியது வேறொருவர். காலையில் நன்றாக ஓடும், மதியத்துக்கு மேல் பில் போடும்போது திரை அப்படியே நிற்கும், அரை நிமிஷம் கழித்து டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று எரர் வரும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுவதால் கடையில் எல்லாரும் நெட்வொர்க் கோளாறு என்றே நம்பியிருந்தார்கள். எனக்கு அந்த அரை நிமிஷத்தின் மேல்தான் சந்தேகம். திறந்த கனெக்‌ஷன்களை ஒரு தொகுப்பாக (பூல்) வைத்து, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் ஹிகாரிசிபி லைப்ரரியைத்தான் இது பயன்படுத்துகிறது. அந்தப் பூலில் கனெக்‌ஷனுக்குக் காத்திருக்கும் நேரம் டீஃபால்ட்டாக 30 விநாடி, பூலில் இருப்பது 10 கனெக்‌ஷன். பத்தும் திரும்பி வராவிட்டால் அடுத்து கேட்பவருக்கு எரர்தான்.

அதிலேயே லீக் டிடெக்‌ஷன் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, டீஃபால்ட்டாக ஆஃப். அதை ஆன் செய்ததும், குறித்த நேரத்துக்குள் திரும்பாத கனெக்‌ஷனை வாங்கிய இடம் ஸ்டாக் ட்ரேஸோடு (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற வரிசை) லாகில் வந்துவிட்டது: பட்டறைகளுக்குக் கொடுத்த வெள்ளி எடைக் கணக்கு ரிப்போர்ட். மெத்தடின் கடைசி வரியில் குளோஸ் இருக்கிறது, ஆனால் எடை பதியாத ஒரு வரி நடுவில் வந்தால் எக்ஸப்ஷன் (ஓட்டத்தை இடையில் முறிக்கும் எரர்) கிளம்பி, அந்தக் கடைசி வரி ஓடவே ஓடாது.

குளோஸை, எரர் வந்தாலும் ஓடும் ஃபைனலி பிளாக்கில் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். அங்கே ரிசல்ட்செட்டை (க்வெரி தந்த வரிகள்) மூடும்போதே ஒரு எக்ஸப்ஷன் வந்தால் கீழே இருக்கும் கனெக்‌ஷன் மூடாமலே நிற்கும், முதலில் வந்த உண்மையான எரரும் மறைந்துபோகும். ஜாவா 7 வந்த 2011 முதல் ட்ரை-வித்-ரிசோர்சஸ் இருக்கிறது. கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை), ரிசல்ட்செட் மூன்றையும் ட்ரையின் அடைப்புக்குறிக்குள் தனித்தனியாக அறிவித்துவிட்டால் திறந்ததற்குத் தலைகீழ் வரிசையில் தானாக மூடிக்கொள்ளும், மூடும்போது வந்த எரர் முதல் எரரோடு ஒட்டிக்கொண்டு வரும். தயவுசெய்து பூல் அளவை மட்டும் கூட்டிவிட்டு நகராதீர்கள், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டீஃபால்ட்டாக மொத்தமே 100 கனெக்‌ஷன்தான் தரும், ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:
நான் காபி எஸ்டேட் கணக்குக்கு பைத்தானும், ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டும் வைத்திருக்கிறேன். பைத்தானில் வித் பிளாக் போட்டால் முடிவில் கனெக்‌ஷனைத் தானாக மூடிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எஸ்கியூலைட்3 மாட்யூலில் கனெக்‌ஷன் மேல் போடும் வித், கமிட் (மாற்றத்தை உறுதியாகப் பதிவது) அல்லது ரோல்பேக் (மாற்றத்தைக் கைவிடுவது) மட்டும்தான் செய்யும், மூடாது. விண்டோஸில் பழைய டேட்டாபேஸ் ஃபைலை நகர்த்தப் போனபோது, இன்னொரு ப்ரோகிராம் பயன்படுத்துகிறது என்று மறுத்ததும்தான் விஷயம் புரிந்தது. கனெக்‌ஷனை, கான்டெக்ஸ்ட்லிப் மாட்யூலில் இருக்கும் க்ளோசிங்கால் சுற்றிவிடுங்கள், அது முடிவில் மூடிவிடும். பைத்தான் 3.13 முதல், மூடாமல் விட்ட கனெக்‌ஷனுக்கு ரிசோர்ஸ் வார்னிங் உண்டு, ஆனால் அதைக் காட்டச் சொல்லி ஓட்டினால்தான் கண்ணில் படும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து என் பதில்:
அருமை, இது பலருக்கு உதவும். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் மூடித் திறந்தால் மெதுவாகுமே என்று பயந்து கனெக்‌ஷனை எப்போதும் திறந்தே இருக்கும்படி ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். பூல் இருந்தால் அந்தப் பயமே வேண்டாம், அங்கே குளோஸ் என்றால் பூலுக்குத் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான்.