பொலிஸ் "சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள்" என்றால் சொலிசிட்டர் (லோயர்) தேவையா?

ஈஸ்ட்ஹாம் தங்கை:
அண்ணா கடையில் வேலை செய்கிறார். போன மாதம் திருட வந்த ஒருவனை மறித்தபோது அவன் விழுந்து கை உடைந்துவிட்டதாம். நேற்று பொலிஸில் இருந்து போன். கைது ஒன்றுமில்லை, வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், அரை மணியில் போய்விடலாம் என்றார்கள். தப்பே செய்யாதவன் லோயரோடு போனால்தான் சந்தேகம் வரும் என்கிறார் அண்ணா. எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. லோயருக்குக் கொடுக்கக் காசும் இல்லை.

கரையோரம்:
தங்கச்சி, அவரைத் தனியாகப் போக விடாதீர்கள். போனில் எவ்வளவு தன்மையாகப் பேசினாலும், அங்கே எச்சரிக்கை வாசகத்தை (பேசக் கட்டாயமில்லை, சொல்வது சாட்சியமாகலாம் என்பதை) சொல்லிவிட்டு, பதிவு செய்துகொண்டுதான் கேள்வி கேட்பார்கள், அந்தப் பதிவு கோர்ட் வரை போகலாம். காசு பிரச்சினையே இல்லை: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சந்தேக நபராக ஸ்டேஷனில் விசாரிக்கப்படும் எவருக்கும், தானாகப் போனவருக்கும்கூட, வருமானம் பாராமல் சட்ட ஆலோசனை இலவசம். லீகல் எய்டில் (அரசு செலவில்) கிரிமினல் கேஸ் எடுக்கும் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்துக்கு இன்றே போன் செய்து அதிகாரியின் பெயரும் ஸ்டேஷனும் கொடுங்கள். என்ன குற்றச்சாட்டு என்று அவர்களே முன்கூட்டிக் கேட்டுவிடுவார்கள்.

பழைய அனுபவம்:
நான் தனியாகப் போனவன். நம் ஆட்கள் "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்போமே, அந்தப் பழக்கத்தில் "யெஸ், யெஸ்" என்றேன், கேள்வி விளங்குகிறது என்ற அர்த்தத்தில். எழுத்தில் வந்தபோது நான் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அதைச் சரிசெய்யப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதுவும் இலவசம்.

ஈஸ்ட்ஹாம் தங்கை:
அப்போ வாயே திறக்காமல் இருந்துவிட்டால்?

கரையோரம்:
அதையும் சொலிசிட்டரிடம் தனியே பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசக் கட்டாயமில்லை, ஆனால் 1994 குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டப்படி, பிறகு கோர்ட்டில் சொல்லப்போகும் காரணத்தை அன்று சொல்லாமல் விட்டால் அது அவருக்கு எதிராக நிற்கலாம். உங்கள் அண்ணா திருட்டைத் தடுக்கப் போனவர், அதை எப்போது, எப்படிச் சொல்வது என்பதுதான் முக்கியம். கைது செய்யாதவரை இடையில் எழுந்து வரலாம். ஆனால் போகாமலே இருந்தால் கைது செய்யவும் இடமுண்டு, அதனால் நாள் மாற்ற வேண்டுமானால் முறையாகக் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தங்கை:
பேசிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கு மாற்றியிருக்கிறார்கள், சொலிசிட்டர் கூடவே வருகிறார். கடை சிசிடிவி பதிவு அழிவதற்குள் எடுத்து வைக்கச் சொன்னார், அண்ணா அதற்குத்தான் இப்போது முதலாளியிடம் போயிருக்கிறார்.